பெயர் தெரியாத பாட்டுக்காரர்கள்

பழைய திரைப்பாடல்களில் பித்துக் கொண்ட அன்பர்களிடையே ஒரு விளையாட்டு உண்டு. கறுப்பு வெள்ளைப் படமொன்றை மேசைமீது வைப்பார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒற்றை ஒலிவாங்கியைச் சுற்றி நால்வரோ ஐவரோ நிற்பர். யார் யார் என்று சொல்லவேண்டும். பாட்டின் முதல் இசைத்துணுக்கைக் கேட்டதுமே படம், ஆண்டு, இசையமைப்பாளர், கவிஞர் எல்லாவற்றையும் ஒப்புவிக்கக் கூடியவர்கள் இந்தப் படத்தின் முன் திகைத்து நிற்பதைக் காண வேடிக்கையாக இருக்கும். அவர்கள் காதுகளுக்குத் தெரிந்தது கண்களுக்குத் தெரியாது.

ஹட்டனில் அத்தகைய அன்பர்கள் சிலர் அவ்வப்போது ஞாயிறு பிற்பகலில் கூடுவது வழக்கம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர், தோட்ட உத்தியோகத்தர் ஒருவர், தையற்கடைக்காரர் ஒருவர், தபாற்கந்தோரில் பணிபுரிந்த ஒருவர். நான் ஊர்ப்பக்கம் போகும்போது போய் உட்கார்ந்துகொள்வேன். எல்லாரும் என்னிலும் மூத்தவர்கள். தேநீரும் வடையும் வரும். பிறகு படங்கள் வரும்.

இந்த விளையாட்டில் சிலர் எளிதில் அகப்பட்டு விடுவர். தலைப்பாகை போன்ற தொப்பியும் சட்டைப்பையில் வரிசையாகப் பேனாக்களும் தெரிந்தால் அது பி.பி. ஸ்ரீனிவாஸ், முகத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை. நெற்றி நிறைய நீறும் வெண்ணிறச் சேலையும் என்றால் கே.பி. சுந்தராம்பாள். 1933இல் கிட்டப்பா மறைந்தபின் 1980இல் தாம் மறையும்வரை அவர் மாற்றிக்கொள்ளாத கோலம் அது. டி.எம். சௌந்தரராஜனைத் தவறவிடுவார் எவருமில்லை. 1962இல் பட்டினத்தாராகவும் 1964இல் அருணகிரிநாதராகவும் திரையில் அவரே நடித்திருந்தார் அல்லவா? சீர்காழி கோவிந்தராஜனை 1972இல் வந்த அகத்தியர் காட்டிக்கொடுத்துவிட்டது. சிங்களப் பாடகர்களும் இந்த மேசைக்கு வருவதுண்டு. தொப்பியைக் கண்டதும் மொஹிதீன் பேக் என்பார்கள். சேலத்தில் பிறந்து, சிங்களத்தில் பௌத்த பக்திப் பாடல்களைப் பாடிப் புகழ்பெற்ற முஸ்லிம் அவர். இந்த நாட்டின் வரலாற்றை ஒரே ஆளில் சொல்லவேண்டுமென்றால் அவரைச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ருக்மணி தேவியின் படம் வந்தால் தையற்கடைக்காரருக்குப் பெருமை தாங்காது. 1947இல் வெளியான முதற் சிங்களப் பேசும்படத்தின் நாயகி பிறந்தது றம்பொடையில் என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்லுவார்.

சிக்கல் பெண்குரல்களில்தான். பி. லீலா, ஜிக்கி, பி. சுசீலா, கே. ஜமுனாராணி, எஸ். ஜானகி ஆகியோரின் இளவயதுப் படங்களைக் கலந்து வைத்தால் மேசை இரண்டுபடும். ஒருமுறை சுசீலாவா ஜமுனாராணியா என்ற வாதம், இரண்டு ஆசிரியர்களும் பேசாமல் போகும் அளவுக்கு முற்றிவிட்டது. ஆயிரம் பாடல்களைக் கேட்டுக் கேட்டு உயிரில் கலந்துவிட்ட ஒருவரின் முகம் நமக்குத் தெரியாது என்பது, எண்ணிப் பார்த்தால் விசித்திரமான நிலைமை.

இந்த நிலைமைக்கு ஒரு வரலாறு உண்டு. தியாகராஜ பாகவதர் காலத்தில் இந்த விளையாட்டை எவரும் ஆடியிருக்க முடியாது. பாடியவரே நடித்தார், முகமும் குரலும் ஓராளுக்குரியவை. 1938இல் ஏவி. மெய்யப்பச் செட்டியாரின் நந்தகுமார் படத்தில் வேறொருவர் குரலைப் பொருத்திப் பார்த்தார்கள். 1945இல் ஸ்ரீ வள்ளியில் ருக்மிணி வாயசைக்க, பி.ஏ. பெரியநாயகியின் குரல் ஒலித்தது. அன்றிலிருந்து பாடுபவர் திரைக்குப் பின்னே போய்விட்டார். தோட்டத்து லயக் காம்பராக்களின் சுவர்களில் எம்.ஜி.ஆரின் படம் தொங்கிற்று. சிவாஜியின் படம் தொங்கிற்று. சௌந்தரராஜனின் படம் தொங்கிய காம்பரா ஒன்றை நான் கண்டதில்லை. பாட்டுப் புத்தகங்களின் அட்டையிலும் நாயகனும் நாயகியுமே சிரித்தார்கள்.

ஆனால் பெயர் தெரிந்திருந்தது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முகம் தெரியாதபோதும் பெயர் தெரிந்திருந்தது. அதற்குக் காரணம் இலங்கை வானொலி. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்போ பின்போ பாடியவர் பெயரைச் சொல்லும் வழக்கத்தை எங்கள் அறிவிப்பாளர்கள் ஒரு விரதம்போலக் கடைப்பிடித்தார்கள். எஸ்.பி. மயில்வாகனன் தொடங்கி கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் வரை அந்த ஒழுங்கு தொடர்ந்தது. காலையில் பொங்கும் பூம்புனல் ஒலிக்கும் வேளையில் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறிய பெண்களுள் பலருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஏ.எம். ராஜா யார், கண்டசாலா யார் என்பது மட்டும் தெரியும்.

பெயர் சொல்வது அற்பமான விடயமன்று. 1949இல் மஹல் என்ற இந்திப் படத்தின் இசைத்தட்டு வெளிவந்தபோது, பாடியவர் பெயராக அதில் அச்சிடப்பட்டிருந்தது ‘காமினி’. அது அந்தப் படத்துக் கதாபாத்திரத்தின் பெயர். பாட்டு வானொலியில் ஒலித்ததும், பாடியது யார் என்று கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. வானொலியார் இசைத்தட்டு நிறுவனத்தைக் கேட்டு அறிந்து பெயரை அறிவிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பெயர் லதா மங்கேஷ்கர். நேயர்கள் கேட்டிராவிட்டால் காமினியே நின்றிருப்பாள். பாடியவருக்குரிய பெயரை நிறுவனங்கள் தாமாகத் தந்துவிடவில்லை. இரசிகர் கேட்டுப் பெற்றுக் கொடுத்தார்.

இப்போது நான் சொல்லவந்த விடயத்துக்கு வருகிறேன்.

அந்த மேசையில் ஒருநாள் வேறுவிதமான படமொன்று வந்தது. தோட்ட உத்தியோகத்தர் தம் வீட்டுப் பெட்டியிலிருந்து கொண்டுவந்தது. கோயில் முன்றிலில் எடுத்த படம். தப்புடன் இருவர், கையில் ஜால்ரா பிடித்த மூன்றாமவர், அவர்களுக்குச் சற்றுத் தள்ளி முக்காடிட்ட ஒரு பெண். பின்புறத்தில் பட்டணத்து ஸ்டூடியோவின் முத்திரையும் பென்சிலில் 1972 என்ற எண்ணும். காமன் கூத்து முடிந்த மறுநாள் எடுத்ததாக இருக்கவேண்டும் என்றார் அவர். “யார் இவர்கள்?” என்று கேட்டேன். “நம்ம தோட்டத்துப் பாட்டுக்காரங்கதான்” என்றார். பெயர்? தெரியவில்லை. கூடியிருந்த ஐவரில் மூவர் அந்தப் பக்கத்துத் தோட்டங்களிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். சென்னையின் ஒலிப்பதிவுக் கூடத்தில் எழுபது ஆண்டுகளுக்கு முன் நின்றவரின் சேலைக்கரையைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிப்பவர்கள், தம் சிறுவயதில் பத்தடி தூரத்தில் நின்று பாடியவர்களின் பெயரை அறியவில்லை. படம் மேசையின் ஓரத்துக்குப் போயிற்று. அடுத்த படமாக எல்.ஆர். ஈஸ்வரி வந்தார்.

நான் அவர்களைக் குறைகூற வரவில்லை. இது ஐவரின் மறதியன்று. மலையகத்தைப் படம்பிடித்த வழக்கமே அப்படி. கொழும்பின் பிளாட்டே போன்ற நிறுவனங்கள் விற்ற பழைய அஞ்சலட்டைகளைப் பாருங்கள். தேயிலை கொய்வோர், தமிழ்க் கூலிகள், தமிழ்ப் பெண் என்று கீழே அச்சிட்டிருப்பார்கள். நகையின் வேலைப்பாடு தெரியும். மூக்குத்தியின் கல் தெரியும். ஆள் பெயர் மட்டும் இராது.

இதற்கு முற்பட்ட உதாரணமொன்று எங்கள் ஊருக்கு வெகு அருகிலேயே உறங்குகிறது. ஜூலியா மார்கரெட் கெமரன் என்ற ஆங்கில மாதுவைப் புகைப்படக்கலை பயின்றோர் அறிவர். டார்வினையும் டெனிசனையும் படமெடுத்தவர். கணவருக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தமையால் 1875இல் இங்கே வந்து குடியேறினார். 1879இல் டிக்கோயாப் பக்கத்தில் கிளென்கெய்ர்ன் தோட்டத்தில் காலமானார். பொகவந்தலாவை சென். மேரிஸ் ஆலயத்தில் அவர் கல்லறையை இன்றும் காணலாம். இங்கிலாந்தில் இருந்தபோது 1868இல் அவர் ஓர் இசைக்கலைஞரைப் படமெடுத்தார். வயலின் மேதை ஜோசப் ஜோக்கிம். அந்தப் படம் எந்த நூதனசாலையில் இருந்தாலும் பெயரோடு இருக்கிறது. இலங்கையில் அவர் எடுத்தவற்றில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. அவற்றில் தோட்டத் தொழிலாளரின் முகங்கள் உண்டு. டார்வினைப் பார்த்த அதே கூர்மையோடுதான் கெமரன் அம்மையார் அவர்களையும் பார்த்திருக்கிறார். ஆயினும் ‘களுத்துறைக் குடியானவர்கள் குழு’ என்பதுபோன்ற தலைப்புகளோடு அவை நின்றுவிட்டன. அவர்களுள் ஒருத்தி ஊரறிந்த தாலாட்டுக்காரியாக இருந்திருக்கலாம். கேட்பதற்கு இனி எவரும் இல்லை.

1972 அப்படியன்று. 1972க்குச் சாட்சிகள் இன்னும் உயிரோடிருக்கிறார்கள்.

“இவர்கள் என்ன பிரபல பாடகர்களா?” என்று அன்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். பிரபலம் என்பது எத்தனை பேருக்குத் தெரியவேண்டும் என்பதில் இருக்கிறதா, தெரிந்தவர்களுக்கு அவர் எவ்வளவு வேண்டப்பட்டவர் என்பதில் இருக்கிறதா? மாசி மாதத்தில் காமன் கூத்துக்கு அந்தப் பாட்டுக்காரர் வராவிட்டால் கூத்தே நடவாது. ரதியின் புலம்பலை அவர் எடுத்தால் மூன்று டிவிசன் சனமும் பனியில் விடியவிடிய உட்கார்ந்திருக்கும். சாவு வீட்டில் அந்தப் பெண் ஒப்பாரி எடுக்கும்வரை பாடை எழும்பாது. வெளியுலகுக்கு அவர்கள் யாருமல்லர். அந்தத் தோட்டத்துக்கு அவர்கள்தாம் சௌந்தரராஜனும் சுசீலாவும்.

வெளியுலகமும் அறிந்திருக்கவேண்டிய பாட்டுக்காரரையே நாம் அறியவில்லை என்பது இன்னொரு சங்கதி. கோ. நடேசய்யரின் பெயர் மலையகத்தில் அனைவருக்கும் தெரியும். ஹட்டனை மையமாகக் கொண்டு 1931இல் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் கண்டவர். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மை, கணவரின் கூட்டங்களில் பாட்டுப் பாடித் தொழிலாளரைத் திரட்டியவர். பேச்சைக் கேட்க வராதவரும் பாட்டைக் கேட்க வந்தனர். அப்பாடல்களை 1940இல் நூலாகவும் வெளியிட்டார். தோட்டத்துக்குள் வெளியார் நுழைவதே குற்றமாகக் கருதப்பட்ட காலத்தில் ஒரு பெண் மேடையேறிப் பாடினார் என்றால் அந்தக் குரல் எப்படிப்பட்டதாக இருந்திருக்கவேண்டும்! சாரல்நாடன் போன்ற ஆய்வாளரின் உழைப்பு இல்லாவிடில் இந்தச் செய்தியும் நமக்குக் கிட்டியிராது. ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு நடேசய்யரின் படத்தைக் காட்டினால் பத்தில் சிலராவது பெயர் சொல்லக்கூடும். மீனாட்சி அம்மையின் படத்தைக் காட்டினால்?

சி.வி. வேலுப்பிள்ளை தோட்டந்தோறும் நடந்து நாட்டார் பாடல்களைத் தேடித் திரட்டினார். அந்தத் தொண்டுக்கு நாம் என்றும் கடன்பட்டவர்கள். வாய்மொழிப் பாடலுக்கு ஆசிரியர் இல்லை, அது சமூகத்தின் சொத்து என்று பல்கலைக்கழகத்தில் எங்களுக்குக் கற்பித்தார்கள். இயற்றியவரைப் பொறுத்தவரை அது சரி. பாடியவர் விடயத்தில் அந்த வாய்பாட்டை நான் ஏற்பதில்லை. பாடியவருக்குப் பெயர் உண்டு, காம்பரா இலக்கம் உண்டு, செக்ரோலில் பதிவும் உண்டு. துரைமாரின் கணக்குப் புத்தகத்துக்கு அவர் பெயர் தேவைப்பட்டது. பாட்டைத் தொகுத்த நமக்குத் தேவைப்படாமற் போனது எப்படி?

இதில் ஒரு முள் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. தப்பு அடிப்பதை இன்ன சாதிக்குரிய வேலை என்று ஒதுக்கிவைத்த வழக்கம் கடல்கடந்து, மலையேறி, லயத்துக்குள்ளும் வந்து சேர்ந்தது. காலையில் பெரட்டுக்கு ஆள் எழுப்பிய தப்பும் அதுவே. திருவிழாவில் சாமியை ஆடவைத்ததும் அதுவே. சாவு வீட்டுக்கு முன்னே போனதும் அதுவே. அதைத் தொட்டவரைத் திண்ணையில் ஏற்றாத வீடுகள் இருந்தன. எனவே அந்தப் பாட்டுக்காரரின் மகன் இன்று ஆசிரியராகவோ வங்கி உத்தியோகத்தராகவோ இருந்தால், “அப்பாவின் படத்தைப் பெயரோடு போடாதீர்கள்” என்று சொல்லக்கூடும். அப்படிச் சொன்ன ஒருவரை நான் அறிவேன். அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கப்படவேண்டியவர் அவரல்லர். அவரை அப்படிச் சொல்லவைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே தப்பை ‘நமது பாரம்பரியம்’ என்று மேடையேற்றிக் கைதட்டுகிறார்கள். தப்புக்குக் கிடைத்த மரியாதை தப்பு அடித்தவருக்குப் போய்ச்சேரவில்லை. ஆகவே பெயர் கேட்கப் போகிறவர் குடும்பத்தின் சம்மதத்தையும் சேர்த்தே கேட்கவேண்டும் என்பது என் கருத்து. மறுத்தால் வற்புறுத்தக்கூடாது. ஆனால் கேட்காமலே இருப்பதற்கு இதை ஒரு சாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது.

அந்த 1972ஆம் ஆண்டுப் படத்தைக் கைத்தொலைபேசியில் பிடித்து, அன்பர்களின் அனுமதியோடு சிலருக்கு அனுப்பினேன். ஏன் வெளியூருக்கு அனுப்பவேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சத்தை 1974இல் பாதிபாதியாகப் பங்கிட்டார்கள். ஒரே லயத்தில் இடப்பக்கத்துக் காம்பரா போயிற்று. வலப்பக்கத்துக் காம்பரா தங்கிற்று. தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச்சென்ற புகையிரதத்தை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றார்கள். அந்தக் கோச்சியில் தகரப் பெட்டிகளோடு படங்களும் போயின. படத்திலிருப்பவரை அறிந்த கண்களும் போயின. எனவே ஹட்டனில் கிடைக்கும் படத்துக்கான பெயர் கூடலூரில் இருக்கலாம், கோத்தகிரியில் இருக்கலாம். 1983க்குப் பிறகு ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இருக்கலாம்.

பதில் கோத்தகிரியிலிருந்து வந்தது. எண்பதைத் தாண்டிய மூதாட்டி ஒருவரிடம் அவர் பேத்தி தொலைபேசித் திரையில் படத்தைக் காட்டியிருக்கிறாள். கண் மங்கிவிட்டதால் முகங்கள் பிடிபடவில்லை. பேத்தி கெட்டிக்காரி. “அந்தத் தோட்டத்தில் காமன் கூத்துக்கு யார் பாடுவாங்க பாட்டி?” என்று கேட்டுவிட்டாள். மூதாட்டி முதலில் பாட்டை எடுத்தார். இரண்டு அடி போனதும் பாடியவர் பெயர் வந்தது. பிறகு அவர் மனைவியின் பெயர். அந்த மனைவியின் தமக்கைதான் ஒப்பாரிக்கு மூன்று டிவிசனுக்கும் போகிறவள் என்பது வந்தது. அவள் எப்போதும் முக்காடு போட்டிருப்பாள் என்பதும் வந்தது. படத்தை வைத்து முகத்தைத் தேடினோம். பாட்டின் வழியாகப் பெயர் வந்து சேர்ந்தது. தப்பு அடித்தவருள் இடப்புறம் நிற்பவரும் முக்காடிட்ட பெண்ணும் யார் என்பது இப்போது தெரியும். இருவரின் பிள்ளைகளும் படத்தின் பின்புறத்தில் பெயரை எழுதிவைக்கச் சம்மதித்தார்கள், எழுதியாயிற்று. பொதுவெளியில் போடுவது பற்றி ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருப்பதால் இங்கே எழுதவில்லை.

இந்த அனுபவத்தில் கற்றுக்கொண்ட சில நடைமுறைகளைச் சொல்லிவிடுகிறேன். படத்தின் முன்பக்கத்தை மட்டும் பிரதிசெய்து அனுப்புகிறோம்; பின்பக்கத்தில்தான் முத்திரையும் திகதியும் இருக்கும், அதையும் பிரதிசெய்யவேண்டும். எழுதுவதானால் மெல்லிய பென்சிலால் எழுதவேண்டும். பேனா மை ஊறி முகத்துக்கு வந்துவிடும். இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியே கேட்கவேண்டும். கூட்டமாகக் கேட்டால் குரல் உரத்தவர் சொல்வதே பெயராகிவிடும். சுசீலா, ஜமுனாராணி விவகாரத்தில் கண்ட பாடம் இது. தோட்டம், டிவிசன், விசேடம், பாடிய பாட்டு ஆகியவற்றையும் குறித்துக்கொள்வது நல்லது. சேர்த்துவைக்க இடமில்லை என்றும் இனிச் சொல்லமுடியாது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் இத்தகைய படங்களை எண்ணிம வடிவில் காக்கிறது. கம்பளைக்கு அருகே பழைய லயமொன்றிலேயே தோட்டத் தொழிலாளருக்கான அருங்காட்சியகம் அமைந்திருக்கிறது.

2023இல் மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து மன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தபோது பழைய படங்கள் பல வெளிவந்தன. எத்தனையோ பேர் அவற்றைத் தத்தம் பக்கங்களில் பகிர்ந்தார்கள். நானும் ஆவலோடு பார்த்தேன். கூடையோடு நிற்கும் பெண்கள், முண்டாசுக் கங்காணிகள், தப்போடு நிற்கும் ஆண்கள். கீழே ‘எம் முன்னோர்’ என்று எழுதியிருந்தது. அஞ்சலட்டைக்காரன் எழுதியதைவிட அது எவ்வளவோ மேல் என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் அதுவும் பெயரன்று.

ஹட்டன் அன்பர்களின் மேசையில் அந்தப் படம் இப்போது ஓரத்தில் இல்லை. சேலைக்கரையையும் தோடுகளையும் பார்த்துப் பழகிய அவர்கள் கண், படத்தில் நான் கவனிக்காதவற்றையெல்லாம் கண்டுபிடிக்கிறது. நடுவில் ஜால்ரா பிடித்திருப்பவரின் கழுத்தில் மப்ளர் இருக்கிறது. வலக்கைச் சுண்டுவிரல் மடங்கியபடி இருக்கிறது. தொழிற்சாலை இயந்திரத்தில் அகப்பட்ட விரலாக இருக்கலாம் என்கிறார் தோட்ட உத்தியோகத்தர். அவரும் பாடுவார் என்று ஒருவர், தாளம் மட்டும் போடுவார் என்று இன்னொருவர். கூடலூரில் அவருடைய தங்கை வழியில் யாரோ இருப்பதாகத் தபாற்கந்தோர்க்காரர் தகவல் கொண்டுவந்திருக்கிறார். தொலைபேசி இலக்கம் இன்னும் கிடைக்கவில்லை.